இல்லப் பணியும் இல்லற அறமும்

(சிட்லபாக்கம் விழா அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா மேடைகளில் வினைகளைப் பற்றியும் வீடுபேற்றைப் பற்றியும் உரையாற்றுவதே வழக்கம். இன்றைய பொருளோ பாத்திரம் துலக்குவதும் வீடு பெருக்குவதும் பற்றியது. மிகச் சிறிய செய்தி என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், சிராவகர் ஒருவரின் அறம் நாள்தோறும் முதலில் சோதிக்கப்படும் இடம் ஆலயமன்று. அவருடைய இல்லத்தின் பின்கட்டே ஆகும். ஊதியம் கொடுத்துப் பிறரைக் கொண்டு இல்லப் பணிகளைச் செய்வித்து, அதனால் நேரத்தை மிச்சப்படுத்திக் கொள்வது தகுமா, தகுமெனில் எவ்வகையில் தகும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல சென்னைக்கு வந்தன. ஊரில் உழவே தொழில். மாமியார், நாத்தனார், ஓரகத்தியர் என ஒரு வீட்டில் நான்கு பெண்கள் இருந்தால், நீர் சேந்துபவர் ஒருவர், அரிசி புடைப்பவர் ஒருவர் எனப் பணி தானே பகிரப்பட்டது. தொழுவமும் களமும் பண்ணையாளின் பொறுப்பு. அவருக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது.

சிட்லபாக்கத்தில் அந்தக் கட்டமைப்பு இல்லை. பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஏரிக்கரையை ஒட்டிய தனி வீடுகள் பல இன்று அடுக்குமாடிகளாகிவிட்டன. மகனும் மருமகளும் ஒருசேர வேலைக்குச் செல்கின்றனர். ஒருவர் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள ஏற்றுமதி வளாகத்திற்குச் சென்றால், மற்றவர் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கணினி நிறுவனத்திற்குச் செல்கிறார். இல்லத்தில் எஞ்சுவோர் முழங்கால் வலியுடைய மூத்தோரும் பள்ளிப் பிள்ளைகளுமே.

இந்நிலையில் சமண இல்லங்களுக்கெனத் தனியாக ஓர் இடர்ப்பாடு உண்டு. இரவு உண்ணாமை இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கம். கார்த்திகைத் திங்களில் சென்னையில் ஞாயிறு மாலை ஐந்தே முக்கால் மணிக்குள் மறைந்துவிடுகிறது. அலுவலகப் பேருந்து ஏழு மணிக்கு வந்து சேரும் இல்லத்தில் அதற்கு முன்னரே உணவு சமைப்பவர் யார்? ஆகவே பிற்பகலில் சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்வது இவ்வில்லங்களில் சோம்பலின் அடையாளமன்று. பல வேளைகளில் விரதத்தைக் காக்கும் வழியே ஆகும். ஆள் வைப்பது இழுக்கு என்று மருமகளை மனம் நோகச் செய்யும் மூத்தோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு வலுவூட்டும் ஆய்வும் உண்டு. அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2017இல் வெளியாயிற்று. தமக்குப் பிடிக்காத பணிகளைப் பணம் கொடுத்துப் பிறரிடம் ஒப்படைத்தோர் வாழ்க்கையில் கூடுதல் மனநிறைவு கொண்டிருந்தனர் என்பது அதன் முடிவு. வான்கூவர் நகரில் பணிபுரியும் அறுபது பேருக்கு ஒரு வார இறுதியில் நாற்பது டாலர் கொடுத்து நேரத்தை மிச்சப்படுத்தும் வழியில் செலவிடச் சொன்னார்கள். மற்றொரு வார இறுதியில் அதே தொகைக்குப் பொருள் வாங்கச் சொன்னார்கள். நேரத்தை வாங்கிய நாளிலேயே அவர்கள் மிகுந்த மகிழ்ச்சி கண்டனர்.

இதுவரை கணக்குச் சரியே. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நேரம் என்பது எவராலும் புதிதாக உண்டாக்கப்படுவதன்று. ஓர் இல்லத்தில் இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது என்றால், மற்றோர் இல்லத்திலிருந்து இரண்டு மணி நேரம் இங்கே வந்து சேர்ந்துள்ளது என்பதே பொருள். காலை ஆறு மணிக்கு இங்கு வந்து பாத்திரம் துலக்கும் பெண்ணின் சொந்த வீட்டில் பாத்திரங்கள் துலக்கப்படாமல் கிடக்கின்றன. தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவற்றைத் துலக்குபவள் பெரும்பாலும் அப்பெண்ணின் மூத்த மகள். அச்சிறுமியின் படிப்பு நேரமே பல கை மாறி இங்கு வந்து சேர்கிறது.

இதனை அரசும் உணர்ந்திருக்கிறது. 2021இல் நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. 2022இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. விடியலில் வேலைக்குப் புறப்படும் தாய்மார்க்குப் பணத்தோடு நேரத்தையும் இவை திருப்பித் தந்தன. அப்பெண்களின் உழைப்பைப் பெறும் இல்லங்கள் திருப்பித் தருவது என்ன என்பதே அடுத்த வினா.

விடை சமண நூல்களிலேயே உள்ளது. கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது வழுக்களை, தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. ஸ்ரீ சமந்தபத்திரரின் இரத்தின கரண்ட சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தை இந்நெறியிலேயே வகுக்கின்றன. முதல் மூன்று வழுக்களும் இன்றைய இல்லங்களில் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். நான்காவதும் ஐந்தாவதும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலுமா?

நால்வருக்கெனப் பேசிய ஊதியத்தில் விருந்தினர் பதின்மரின் பாத்திரங்களையும் துலக்கச் சொல்வது பாரம் ஏற்றுதலே. தீபாவளி பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். அப்புனித நாளையொட்டிப் பலகார வேலையும் வீடு கழுவும் வேலையும் இருமடங்காகும்போது ஊதியம் மட்டும் பழைய அளவிலேயே நிற்பதும் பாரம் ஏற்றுதலே. நான்கு வீடுகளில் வேலை முடித்து வருபவரிடம் ஒரு வாய் நீர் வேண்டுமா என்று கேளாதிருப்பதும், கேட்டாலும் அதற்கெனத் தனிக் குவளை வைத்திருப்பதும், கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் எந்த வழுவில் அடங்கும் என்பதை அவரவர் நெஞ்சே சொல்லும். நீரில் உள்ள நுண்ணுயிர்க்கு இரங்கி வடிகட்டி அருந்தும் இல்லம், அந்நீரை நிறைத்து வைக்கும் கைகளுக்கும் இரங்குதல் வேண்டும்.

மற்றொரு நுட்பமும் கருதத்தக்கது. பொருள் வரைதல் என்னும் விரதத்தில் நிலம், வீடு, பொன், தானியம் ஆகியவற்றோடு பணியாட்களையும் சேர்த்து, இவற்றிற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள் என்றனர் முன்னோர். மனிதரை உடைமையாக எண்ணும் காலம் போயிற்று. ஆயினும் அவ்விதியின் உட்பொருள் போகவில்லை. பிறருடைய உழைப்பை எவ்வளவு நுகரலாம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு என்பதே அது. எழுந்து சென்று எடுக்கக்கூடிய தண்ணீர்ச் செம்புக்கு ஆளைக் கூவி அழைப்பது அந்த அளவைக் கடந்த செயல்.

அடுத்து, ஊதியம். நால்வகைத் தானங்களைப் போற்றும் சமூகத்தில், பணிப்பெண்ணுக்குக் கொடுப்பதையும் தானக் கணக்கில் எழுதும் மனப்போக்கு சில இடங்களில் காணப்படுகிறது. பழம்புடவையும் மீந்த உணவும் கொடுத்துவிட்டு ஊதிய உயர்வை மறுப்பது அதன் விளைவு. ஊதியம் தானமன்று, தீர்க்க வேண்டிய கடன். கடனைத் தீர்த்த பின்னர்ச் செய்வதே தானமாகும். சட்டமும் இதனையே சொல்கிறது. தமிழகத்தில் வீட்டுப் பணியாளர்க்கான நலவாரியம் 2007இல் அமைந்தது. மணிக்கு 37 ரூபாய் எனத் தொடங்கும் குறைந்தபட்ச ஊதியத்தை அரசு 2018இல் வரையறுத்தது. விலைவாசி ஏறிய இந்நாளில் அது தொடக்க எல்லையே அன்றி நியாயமான முழு ஊதியம் ஆகாது. வீட்டு வேலைக்குப் பதினான்கு வயதிற்குட்பட்ட பிள்ளைகளை அமர்த்துவது 2006 முதலே தடை செய்யப்பட்டுள்ளது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் 2011 சூன் 16 அன்று நிறைவேற்றிய உடன்படிக்கை, வீட்டுப் பணியாளரும் ஏனைய தொழிலாளரைப் போன்றவரே என்கிறது; வார ஓய்வு அவர்தம் உரிமை என்கிறது.

பணிப்பெண் இரண்டு நாள் வாராதபோது இல்லத்தில் எழும் கலக்கம் ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. அக்கலக்கம் முழுவதும் இல்லத்தரசியின் தலையிலேயே விழுகிறது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். ஈடுபடாத ஆண்களோ மிகப் பலர். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 81 பெண்கள் வீட்டு வேலை செய்தனர். ஆண்களில் செய்தவர் 26 பேரே. ஆகவே பணியாளரை அமர்த்துவதற்கு முன்னர், இல்லத்து ஆடவரும் பிள்ளைகளும் தத்தம் தட்டைத் தாமே கழுவுகின்றனரா என்று பார்ப்பதே முறை. அவ்வாறு செய்யும் இல்லத்தில் பணிப்பெண்ணின் சுமையும் குறையும். வேலையின் அருமையைப் பிள்ளைகளும் அறிவர்.

இனி, மிச்சமான நேரத்தின் பயன். ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடங்கள். ஒரு சாமாயிகத்திற்கு அது போதும். பணிப்பெண் தந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு முகூர்த்தம் சாமாயிகத்திற்கும், ஒரு பகுதி சுவாத்தியாயத்திற்கும், எஞ்சியது மூத்தோர் அருகில் அமர்ந்து பேசுவதற்கும் பிள்ளைக்குப் பாடம் சொல்வதற்கும் ஆயின், அந்த ஊதியம் நற்செலவு. அதுவே தொலைக்காட்சித் தொடருக்கும் கைப்பேசிக்கும் இரையாயின், ஏழைச் சிறுமியொருத்தியின் படிப்பு நேரத்தை விலைகொடுத்து வாங்கி வீணடித்தவர் ஆவோம்.

இறுதியாக, இவ்விழாவுக்கு வந்த குடும்பங்கள் மேற்கொள்ளத்தக்க சில. ஊதியத்தை வேலையின் அளவோடும் நேரத்தோடும் தெளிவாகப் பேசி, மாதத்தின் முதல் நாளிலேயே கொடுத்தல். வாரம் ஒரு நாள் ஊதியத்தோடு ஓய்வளித்தல். வெளியூர் செல்லும் நாட்களுக்கு ஊதியம் பிடிக்காதிருத்தல். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம். நலவாரியத்தில் பதிவு செய்ய உடனிருந்து உதவுதல். படிவம் நிரப்ப அரை மணி நேரம் போதும், ஆனால் அதன் பயன் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையாகவும் முதுமையில் ஓய்வூதியமாகவும் வந்து சேரும். வேலைக்கு வருபவரின் மகள் பள்ளிக்குச் செல்கிறாளா என்று மாதம் ஒருமுறையேனும் கேட்டறிதல்.

ஒருவர் தந்த நேரத்தைக் கொண்டு தம் இல்லத்தில் விளக்கேற்றிக் கொள்பவர், அவருடைய இல்லமும் இருளாமல் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். அக்கடமையை உணர்ந்து ஆள் வைப்பது அறத்திற்கு மாறானதன்று. இல்லறத்தின் ஒரு பகுதியே ஆகும்.

அறம் வளர்க. அனைத்துயிரும் இன்புற்று வாழ்க.