திசை மாறாத கப்பல்

சிறு படகு ஓட்டக் கற்பவர்கள் கடலில் இறங்குமுன் படிக்கும் பாடங்களில் உயிர்காக்கும் பாடம் ஒன்று உண்டு.

தூரத்தில் ஒரு கப்பல் வருகிறது. மோதுமா, விலகிப் போகுமா? அது எந்தத் திசையில் தெரிகிறது என்று திசைகாட்டியில் பாகையைக் குறித்துக்கொள்ளுங்கள். சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள். பாகை மாறாமல் கப்பல் நெருங்கிக்கொண்டே வந்தால் மோதும் ஆபத்து உண்டு. 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 7ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. சந்தேகம் வந்தால் ஆபத்து இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இரண்டு இயந்திரப் படகுகள் குறுக்கிட்டால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்பவர்தான் வழிவிட வேண்டும். இது 15ஆவது விதி. அதையும் முன்கூட்டியே, மற்றப் படகில் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி செய்ய வேண்டும்.

படகெடுக்கும் நண்பர்களே, கண்மதிப்பை மட்டும் நம்பாதீர்கள். திசைகாட்டியைப் பார்த்து முடிவெடுங்கள்!