ஐம்பதைக் கடந்து வேலை தேடுவோரும் பதிவேட்டில் இல்லாத ஆண்டுகளும்

(வெஸ்ட் ஈலிங்கில் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வெஸ்ட் ஈலிங் சப்பல் வீதியில் உள்ள கனகதுர்க்கை அம்மன் கோயிலின் தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கக் கூடுவோரில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பலர். ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் தொழில்நுட்ப உத்தியோகத்தராகவும் விளங்கியவர்கள் அவர்களுள் உளர். புலம்பெயர்ந்த பின்னர் எரிபொருள் நிலையங்களிலும் கடைகளிலும் இரவு பகலாக உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். கடை கைமாறும்போதோ மூடப்படும்போதோ அவர்களுக்கு முன் எழுவது ஒரே கேள்வி: "இந்த வயதில் யார் வேலை தருவார்?"

முதலில் சட்டத்தை நோக்குவோம். பிரித்தானியாவில் வயது காரணமாக ஒருவரைப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் ஒழுங்குவிதிகள் 2006 ஒக்ரோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. ஆயினும் 65 வயதை எட்டியவரையும் ஆறு மாதத்துக்குள் எட்டவிருப்பவரையும் வேலைக்கு எடுக்க மறுப்பதற்கு அவ்விதிகளே இடமளித்திருந்தன. அந்த 65 வயது எல்லை 2011இல் நீக்கப்பட்டது. இன்று, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, தக்க நியாயத்தை நிறுவினாலன்றி, வயதைக் காரணங்காட்டி ஒருவரை ஒதுக்க முடியாது. வேலை தருவதாக முடிவு செய்யும் முன் உடல்நலம் பற்றி வினவுவதையும், சில விதிவிலக்குகளுடன், அச்சட்டம் கட்டுப்படுத்துகின்றது. அநீதி நேர்ந்ததாகக் கருதுவோர் ஏகாஸ் அமைப்பிடம் இலவச ஆலோசனை பெறலாம். முறைப்பாட்டுக்கான காலக்கெடு குறுகியது என்பதால் தாமதிக்கலாகாது.

அடுத்தது விண்ணப்பம். ஊர் வழக்கப்படி பிறந்த திகதி, திருமண நிலை, புகைப்படம் ஆகியவற்றைத் தன்விவரக் கோவையில் சேர்ப்போர் இன்றும் உள்ளனர். இவற்றுள் எதுவும் இங்கு தேவையில்லை. "கடையில் வேலை" என்ற ஒரு வரியும் போதாது. சரக்கிருப்பைக் கணக்கிட்டது, நாளாந்த வரவைச் சரிபார்த்தது, புதியவர்களைப் பழக்கியது எனச் செய்தவற்றை விரித்து எழுத வேண்டும். இலங்கையில் பெற்ற பட்டம் இந்நாட்டில் எதற்கு நிகரானது என்பதற்குக் கட்டணம் செலுத்தி யூகே எனிக் அமைப்பிடம் சான்று பெறலாம்.

இனி, பலரும் பேசத் தயங்கும் விடயம். சம்பளச் சீட்டு இன்றிக் கையில் காசு பெறும் வேலை, வேறு வழியின்றி எமது மக்களுள் பலரும் ஒரு காலத்தில் ஏற்றது. ஆனால் பதிவேட்டில் இடம்பெறாத உழைப்பு ஓய்வூதியத்தில் சேராது. 2016 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ள புதிய அரச ஓய்வூதியத்தைப் பெறப் பொதுவாகக் குறைந்தது 10 ஆண்டுகளும், முழுமையாகப் பெற 35 ஆண்டுகளும் தேசிய காப்புறுதிப் பதிவு வேண்டும். 1964இல் பிறந்து 1999இல் இங்கு வந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் 67 வயதை எட்டும் 2031 வரை அவருக்கு இருப்பது 32 ஆண்டுகளே. அவற்றுள் 10 ஆண்டுகள் பதிவின்றிப் போனால் எஞ்சுவது 22. 2016க்கு முந்திய பதிவைப் பொறுத்துத் தொகை மாறக்கூடும்; எனினும் இழப்பு இழப்பே. ஆகவே, ஐம்பதுக்குப் பின் வேலை தேடுவோர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதுடன், சம்பளச் சீட்டு உண்டா என்றும் கேட்க வேண்டும்.

வேலையற்ற காலமும் வீணாக வேண்டியதில்லை. தகுதியுடையோர் வேலை தேடுவோருக்கான உதவித்தொகையோ யூனிவர்சல் கிரெடிட்டோ பெறும்போது காப்புறுதி வரவும் பதியப்படுகின்றது. வேலைவாய்ப்பு நிலையத்தின் படி ஏறுவது மானக்கேடு அன்று. அவ்வாறே, ஓய்வூதிய வயதை எட்டாத அம்மம்மாவோ அப்பப்பாவோ 12 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளையைப் பராமரித்தால், வேலைக்குச் செல்லும் பெற்றோருக்குத் தேவைப்படாத சிறுவர் கொடுப்பனவு வரவை அவர்களின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். 2011 முதல் உள்ள இவ்வசதியைக் கேள்விப்படாத குடும்பங்கள் பல.

இளையோரே, உங்கள் பெற்றோர் கடிதங்களை உங்களிடம் தந்து மொழிபெயர்க்கச் சொன்ன நாட்கள் நினைவிருக்கும். இப்போது அவர்கள் கேட்கத் தயங்கலாம். வேலை போனதையே சிலர் வீட்டில் சொல்வதில்லை. இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் அவர்களுடன் அமருங்கள். அரச இணையத்தளத்தில் அவர்களின் காப்புறுதிப் பதிவைத் திறந்து, விடுபட்ட ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வழமையாகக் கடந்த 6 ஆண்டுகளின் இடைவெளியைப் பணம் செலுத்தி நிரப்பலாம். செலுத்துமுன், அதனால் ஓய்வூதியம் கூடுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பின்னர் தன்விவரக் கோவையை எழுதத் தொடங்குங்கள். உங்கள் தந்தை என்னென்ன வேலை செய்தார் என்பதை அன்றுதான் நீங்கள் முழுமையாக அறியக்கூடும்.