உரோமாபுரி மன்னரும் பதவி துறந்த பெருமையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)





உரோமாபுரியை ஆண்ட புகழ்பெற்ற மன்னர்களைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். இந்து வாலிபர் சங்கமொன்றின் மேடையிலே உரோமாபுரிக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சோழரும் பாண்டியரும் நமக்குப் போதாரோ என்று கேட்பினும் அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் பிறர் வீட்டு வழக்கைப் பார்க்கும்போது பக்கச்சார்பின்றிப் பார்க்கிறோம். நம் முன்னோரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் புகழ்ச்சியில் இறங்கிவிடுகிறோம். உரோமர் நமக்கு உறவினருமல்லர், பகைவருமல்லர். ஆதலால் அவர்களுடைய நிறையையும் குறையையும் நடுநின்று ஆராயலாம்.

உரோமாபுரி மன்னர் எனின் நாடுகளை வென்ற வீரமே நம் நினைவுக்கு வருகின்றது. நான் இன்று எடுத்துக்கொண்ட கேள்வியோ வேறு. கைக்கு வந்த அதிகாரத்தை அவர்களுள் யார் யார் திருப்பிக் கொடுத்தார்கள்? கொடுத்தபோது என்ன நடந்தது? கொடாதபோது என்ன நடந்தது? இவ்வொரு கேள்வியைக் கைவிளக்காகக் கொண்டு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு வரலாற்றினூடே விரைந்து நடந்து வருவோம்.

உரோமர் தம் கடைசி அரசனாகிய தார்க்குவினை கி.மு. 509 இல் துரத்தினர் என்பது அவர்களுடைய மரபு. அதன்பின் அரசன் என்ற சொல்லே அவர்களுக்கு வேம்பாயிற்று. ஒருவருக்குப் பதிலாக இரண்டு கொன்சல்களைத் தெரிந்தனர். பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். மூதவை எனத்தக்க செனற் சபை ஆலோசனை கூறும். பேராபத்து நேர்ந்தால் மாத்திரம் ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்தனர். அவருக்குச் சர்வாதிகாரி என்று பெயர். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் அவர் அப்பதவியில் இருத்தல் ஆகாது.

இப்பதவியை வகித்தோருள் சின்சினாட்டஸ் என்பாரின் கதை மிகப் புகழ்பெற்றது. கி.மு. 458 இல் ஏக்குவியர் என்னும் மலைச்சாதியார் உரோமப் படையொன்றைச் சுற்றி வளைத்துக்கொண்டனர். மூதவையின் தூதர் சின்சினாட்டஸைத் தேடித் தைபர் நதிக்கு அப்பால் சென்றனர். அவருக்கிருந்த நிலம் இரண்டரை ஏக்கர் வரை. யாழ்ப்பாணத்துக் கணக்கில் நாற்பது பரப்பு எனலாம். அவர் அந்நிலத்தில் வேலையாய் நின்றார். மனைவியிடம் மேலாடையைக் கொண்டுவரச் செய்து, புழுதியையும் வியர்வையையும் துடைத்து, ஆடை உடுத்த பின்னரே செய்தியைக் கேட்டார். படை திரட்டிச் சென்று பகைவரை வென்றார். ஆறு மாத அதிகாரம் பெற்றவர், பதினாறாம் நாளே அதனைத் துறந்து தம் வயலுக்குத் திரும்பினார்.

இக்கதையை விரிவாக எழுதிய லிவி என்னும் ஆசிரியர் நானூறு ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவர். ஆகவே இதிற் கற்பனையும் கலந்திருக்கும் என்பர் வரலாற்றாசிரியர். கலந்திருக்கட்டும். ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு எக்கதையைச் சொல்லி வளர்க்கின்றது என்பதே பெரிது. அண்ணனுடைய பாதுகையை அரியணையில் வைத்து ஆண்ட பரதன் கதையை நம் பாட்டிமார் சொன்னார்கள். உரோமத் தாய்மார் சின்சினாட்டஸ் கதையைச் சொன்னார்கள். 1783 இல் போர் முடிந்ததும் படைத்தலைமையைத் துறந்து தோட்டத்துக்குத் திரும்பிய யோர்ஜ் வாஷிங்டனை அக்கால மக்கள் சின்சினாட்டஸுக்கே ஒப்பிட்டனர்.

ஆனால் உரோமாபுரி வளர வளர அக்கதை பழங்கதை ஆயிற்று. ஒரு நகரத்துக்கென வகுத்த ஒழுங்கு ஒரு பேரரசுக்குப் போதாமற் போயிற்று. தூரதேசங்களிலே பல ஆண்டு போர்செய்த வீரர்கள் மூதவையை மறந்து, தமக்கு நிலமும் பொருளும் வழங்கும் தளபதியையே தெய்வமாகக் கொண்டனர். சுல்லா என்னும் தளபதி கி.மு. 88 இல் தன் சொந்த நகரின் மீதே படை நடத்தினான். பின்னர்க் காலவரையறையின்றிச் சர்வாதிகாரியாகிப் பகைவர் பெயர்களைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டுக் கொல்வித்தான். அவனும் இறுதியிற் பதவியைத் துறந்தான். ஆனால் வாளால் பெற்ற பதவியைத் துறந்தமையால் வழி தூய்மையாகிவிடவில்லை. அவ்வழி திறந்தே கிடந்தது.

அவ்வழியே வந்தவர் யூலியஸ் சீசர். அவருடைய ஆற்றலை யார் மறுப்பார்? காலியா நாட்டை வென்றார். பகைவர் பலரை மன்னித்தார். குழம்பிக்கிடந்த பஞ்சாங்கத்தைத் திருத்தி, முந்நூற்று அறுபத்தைந்தேகால் நாள் கொண்ட ஆண்டைக் கி.மு. 45 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். யூலை மாதம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயினும் சுல்லா பதவி துறந்தது அரசியலின் அரிச்சுவடி அறியாமையே என்று சீசர் ஏளனஞ் செய்தாராம். தாம் அப்பிழையைச் செய்யாது, கி.மு. 44 இல் ஆயுட்காலச் சர்வாதிகாரியானார். அடுத்த மாதமே, மார்ச் 15 ஆம் நாள், மூதவைக் கூட்டத்திற் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் குடியரசைக் காத்தோம் என்றனர். காத்தார்களா? பதினான்கு ஆண்டு உள்நாட்டுப் போரே விளைந்தது. இறங்க மறுத்த சீசரும், அவரை இறக்க வாளன்றி வேறு வழி காணாதோரும் சேர்ந்தே குடியரசைக் கெடுத்தனர்.

போரின் முடிவில் நிலைத்து நின்றவர் சீசரின் சுவீகார புத்திரராகிய ஒக்ரேவியன். கி.மு. 27 இல் அவர் மூதவைக்குச் சென்று, அதிகாரங்கள் அனைத்தையும் திருப்பித் தருவதாக அறிவித்தார். மூதவையோ ஒகஸ்தஸ் என்னும் பட்டத்தைச் சூட்டிப் படையுள்ள மாகாணங்களிற் பெரும்பாலானவற்றை அவரிடமே ஒப்படைத்தது. அவர் அரசன் என்ற பெயரை ஏற்கவில்லை. சர்வாதிகாரிப் பதவியை மக்கள் வற்புறுத்தியும் மறுத்தார். ஆண்டுதோறும் கொன்சல்கள் வந்தார்கள். மூதவை கூடியது, கலைந்தது. பெயர்கள் யாவும் இருந்தன. படையும் பணமும் மட்டும் ஒருவர் கையில் இருந்தன. நாட்டிலே அமைதி நிலவிற்று, வாணிகம் செழித்தது. அவர் கி.பி. 14 இல் இறந்தபோது பழைய குடியரசைக் கண்ணாற் கண்டவர் அரிதாயினர்.

ஆயின் ஒன்றை மட்டும் ஒகஸ்தஸால் ஒழுங்குசெய்ய முடியவில்லை. தமக்குப்பின் யார்? மருமகன் மார்செல்லஸ் இறந்தான். பேரர் இருவர் இளமையிலேயே மாண்டனர். ஈற்றில் மனைவியின் முதற்றாரத்து மகன் திபேரியஸை வேண்டாவெறுப்பாக வாரிசாக்கினார். வெளியே குடியரசு என்று சொல்லிக்கொண்டமையால், அடுத்த அரசன் யார் என்று சட்டம் எழுதவும் வழியில்லை. அக்குறைபாடு உரோமாபுரியைக் கடைசிவரை வாட்டியது. கலிகுலா கி.பி. 41 இல் தன் மெய்காவலராலேயே கொல்லப்பட்டான். நீரோ 68 இல் தற்கொலை செய்தான். மறு ஆண்டிலே நால்வர் ஒருவர்பின் ஒருவராய் அரியணையில் இருந்தனர்.

இவ்விடத்தில் நமது இலங்கையைப் பற்றிய செய்தியொன்று நினைவுக்கு வருகின்றது. கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்ட பிளினி என்னும் அறிஞர் அதனை எழுதிவைத்துள்ளார். குளோடியஸ் சக்கரவர்த்தி காலத்திலே, செங்கடற் பகுதியில் வரி சேர்க்கும் உரிமை பெற்றிருந்த ஒருவரின் ஆள், அரேபியாவைச் சுற்றி வருகையிற் காற்றினால் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கைத் துறைமுகமொன்றை அடைந்தான். அவனிடமிருந்த உரோம வெள்ளிக் காசுகளை நம் தீவின் அரசன் பார்த்தான். காசுகளிலே வெவ்வேறு மன்னர்களின் தலைகள் பொறிக்கப்பட்டிருந்தன. எல்லாக் காசும் ஒரே நிறையாயிருந்தன. அரசன் வியந்து, இவர்கள் நீதியுள்ள மக்கள் என மதித்து, உரோமாபுரிக்குத் தூதர் நால்வரை அனுப்பினானாம்.

அவ்வரசனின் நுண்ணறிவைப் பாருங்கள். தலை மாறலாம், நிறை மாறலாகாது. நல்லாட்சிக்கு இதனினும் சிறந்த இலக்கணம் உண்டோ? ஆனால் அச்சிறப்பு நிலைக்கவில்லை. அத்தூதர் சென்று சில ஆண்டுகளுக்குள், கி.பி. 64 அளவில், நீரோ காசின் நிறையையும் வெள்ளியையும் குறைத்தான். பின்வந்த பலர் மேலும் குறைத்தனர். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளிக்காசு என்று வழங்கியது வெள்ளிப்பூச்சுப் பூசிய செம்பாகவே இருந்தது. தலைகளோ முன்னையினும் அழகாகவே பொறிக்கப்பட்டன.

இடையிலே ஒரு பொற்காலமும் இருந்தது. கி.பி. 96 முதல் 180 வரை நேர்வா, திராஜன், ஹேட்ரியன், அந்தோனினஸ், மார்க்கஸ் ஒரேலியஸ் என்னும் ஐவர் ஒருவர்பின் ஒருவராய் ஆண்டனர். முதல் நால்வருக்கும் வாரிசாகத்தக்க மகன் இல்லாதிருந்தமையால், தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து சுவீகாரஞ் செய்தனர். ஐந்தாமவராகிய மார்க்கஸ் ஒரேலியஸ் தத்துவஞானி. தன்யூப் நதிக்கரைப் போர்முனையிலும் இருந்து தன் மனத்தைத் தானே திருத்தும் சிந்தனைகளைக் கிரேக்க மொழியில் எழுதிவைத்தவர். அவற்றைப் படிக்கும் இந்துக்களுக்குக் கீதையின் கர்மயோகம் நினைவுக்கு வராமற் போகாது. அத்தகைய ஞானிக்கு மகன் ஒருவன் இருந்தான். கொமோடஸ் என்னும் அம்மகனுக்கே அவர் அரசைக் கொடுத்தார். அவன் அரசவையை விட்டு மற்களத்தில் இறங்கிக் கூத்தாடி, 192 இல் கொலையுண்டான். மறு ஆண்டில் மெய்காவற்படையினர் உரோமப் பேரரசை ஏலத்தில் விற்றனர். வாங்கியவன் ஆண்டது 66 நாள். திருதராட்டிரனுக்குக் கண் தெரியாது. மார்க்கஸுக்கு அகக்கண்ணும் திறந்திருந்தது. புத்திரபாசம் இருவருக்கும் ஒன்றே.

நிறைவாக ஒருவர், டயோக்கிளீஷன். நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். அங்கே இவர் பெயர் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தியவர் என்றே எனக்கு அறிமுகமாயிற்று. அது உண்மை. 303 இல் இவர் பிறப்பித்த கட்டளைகளால் ஆலயங்கள் இடிக்கப்பட்டன, உயிர்கள் பல மாண்டன. பிறமதத்தாரைத் துன்புறுத்திய அரசனை இந்து சங்க மேடையில் நின்றும் நான் புகழ மாட்டேன். ஆயினும் அவருடைய வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. ஐம்பது ஆண்டுக்குள் இருபதுக்கு மேற்பட்ட மன்னர் எழுந்து வீழ்ந்த குழப்பத்தின் பின், 284 இல் ஆட்சிக்கு வந்து, நால்வர் பகிர்ந்து ஆளும் முறையை வகுத்து, நாட்டை நிலைநிறுத்தினார். 305 மே 1 ஆம் நாள் தாமாகவே முடிதுறந்தார். மீண்டும் வருமாறு பின்னர் வேண்டியவர்களுக்கு, தம் கையால் நட்ட கோவாவை வந்து பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்ற கருத்தில் விடைகூறினாராம். அவர் வாழ்ந்த மாளிகையின் சுவர்கள் குரோஷிய நாட்டு ஸ்பிளிற் நகரில் இன்றும் நிற்கின்றன.

ஆயினும் அவர் இறங்கிய மறு ஆண்டிலேயே அவருடைய ஒழுங்கு சிதறத் தொடங்கிற்று. மன்னர்களின் மைந்தர்கள் படைதிரட்டினர். 324 இல் கொன்ஸ்தந்தைன் தனியரசராகும்வரை போர் ஓயவில்லை. காரணம் யாது? தலைவர் இறங்கினார். ஆனால் அவர் வகுத்த விதியை மதிக்கும் பழக்கம் பின்வந்தோரிடம் இல்லை. இறங்குபவருக்குத் துறவு வேண்டும். ஏறுபவருக்கு விதியைப் பேணும் கட்டுப்பாடு வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

சபையோரே, நாடாளும் அரசியலைப் பேச நான் இங்கு வரவில்லை. நம் ஊர்களிலே ஆலய பரிபாலன சபைகள் உண்டு. வாசிகசாலைகள் உண்டு. விளையாட்டுக் கழகங்களும் சங்கங்களும் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடுகின்றது, பழைய தலைவரே மீண்டும் பிரேரிக்கப்படுகிறார், ஆமோதிக்கப்படுகிறார், கை தட்டுகிறோம், தேநீர் அருந்துகிறோம். திறப்பு ஒருவர் மடியில், கணக்கு ஒருவர் மனத்தில். அவர் கண்மூடியதும் சங்கமும் கண்மூடுகின்றது. யாப்பு இருக்கின்றது, கூட்டம் இருக்கின்றது, பெயர்ப் பலகையும் இருக்கின்றது. ஒகஸ்தஸின் மூதவையும் அவ்வாறே இருந்தது.

பெரியோர்களே, நீங்கள் உழைத்து வளர்த்தவை இவை. உங்களை இறங்குங்கள் என்று சொல்ல நான் யார்? உங்கள் கண் தெளிவாக இருக்கும்போதே, பக்கத்தில் ஓர் இளைஞனை இருத்திக் கணக்குப் புத்தகத்தை எழுதப் பழக்குங்கள் என்று மட்டும் வேண்டுகிறேன். அவன் பிழை விடுவான். நீங்கள் அருகில் இருக்கும்போது விடும் பிழை திருத்தக்கூடியது.

வாலிப நண்பர்களே, நமக்கும் ஒரு சொல். பதவி தரவில்லை என்று குறைகூறும் நம்மிற் பலர் கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தாலும் அறிக்கையை வாசிப்பதில்லை. கணக்கறியாதவன் திறப்பைக் கேட்பது முறையன்று. வாக்கெடுப்பில் தோற்றால் சங்கத்தை உடைத்துப் புதுச் சங்கம் தொடங்குவதும் ஒருவகையில் உள்நாட்டுப் போரே. தோற்றவன் அடுத்த கூட்டத்துக்கும் வந்து பாய் விரிக்க வேண்டும். அந்தப் பழக்கம் நம்மிடம் உண்டாயின் பெரியோர் அஞ்சாமல் ஒப்படைப்பர்.

முன்பொருநாள் நம் தீவின் அரசன் உரோமக் காசைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தது போல, நம் சங்கத்தையும் நிறுத்துப் பார்க்கும் காலம் வரும். அதன் தலைவர்கள் பலராய் இருக்கட்டும். அதன் நிறை என்றும் ஒன்றாய் இருக்கட்டும்.