வைத்தியச் செலவும் ஜனங்களின் யோசனையும்



சங்கத்தில் பணம் போதாதபோது எந்தக் கடன் மனுவை முதலில் எடுப்பதென்று பஞ்சாயத்தார் படும் சங்கடம் உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவிலுள்ள ஓரிகன் ராஜ்யத்தார் ஏழைகளின் வைத்தியச் செலவு விஷயத்தில் இதே சங்கடத்தை அடைந்தார்கள். 1987-ம் வருஷம் சில உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளுக்குச் சர்க்கார் பணம் கொடுப்பது நின்றது. அத்தகைய சிகிச்சைக்காகப் பெற்றோர் ஊராரிடம் பணம் திரட்டிக் கொண்டிருக்கையிலேயே ஒரு சிறுவன் இறந்து போனான். பெருங் கூக்குரல் எழுந்தது.

1989-ல் சட்டம் செய்து, எந்தச் சிகிச்சைக்கு முதலில் பணம் என்று ஜாபிதா தயாரிக்க ஒரு கமிஷனை நியமித்தார்கள். 1990-ல் ஊர் ஊராக 47 கூட்டங்கள் கூடின. சுமார் ஆயிரம் பேர் வந்து பேசினார்கள். வியாதி வருமுன் காப்பதைப் பலரும் வற்புறுத்தினார்கள். அவ்வருஷமே வெறுங் கணக்கைக் கொண்டு போட்ட முதல் ஜாபிதாவிலோ, குடல்வால் ரண சிகிச்சைக்கு மேலே பல்லுக்கு மூடி போடுவது நின்றது! அதைத் தள்ளிவிட்டு, ஜனங்கள் சொன்னதையும் ஆலோசித்து 1991-ல் வேறு ஜாபிதா செய்தார்கள். 1994-ல் திட்டம் அமுலுக்கு வந்தது.

ஆனால் ஒரு குறை. கூட்டங்களுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வைத்திய இலாகாக்களில் வேலை பார்ப்பவர்கள். யாருடைய வைத்தியத்தைப் பற்றிப் பேச்சோ, அந்த ஏழைகள் மிகச் சிலரே. நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்திலும் மகாசபைக்குக் கூலிக்காரர் ஒருவரும் வரவில்லை. நடவுக் காலத்தில் பகல் பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் எப்படி வருவார்கள்? உங்கள் கிராமத்தில் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி யோசனைக் கூட்டம் போடுவதானால், இராச் சாப்பாட்டிற்குப் பின், அவர்கள் தெருவிலேயே கூட்டும்படி கேட்டுக் கொள்ளுகிறேன்.