அறிவியல் கதைகள் சொன்ன எதிர்காலம்: பலித்தது எது, பலிக்காதது எது?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

டீயும் போண்டாவும் தயாராக இருக்கின்றன என்று எனக்கும் தெரியும். அதனால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

"படித்த புத்தகங்களைப் பற்றி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். எதிர்காலத்தைச் சொன்ன கதைகளைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் நம் கேட். முகத்தைப் பார்த்துத் தானாகத் திறக்கும் கேட் போடலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுக்கப் போகிறோம். முப்பது வருடத்துக்கு முன்னால் அவிநாசிபாளையத்துக்கு இப்படி ஒரு கேட் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அப்போது ஊர்ப் பெயரைச் சொன்னாலே "அவிநாசியா?" என்றுதான் கேட்பார்கள். இன்றைக்கு அவிநாசியில் தொடங்கும் 381-ம் எண் தேசிய நெடுஞ்சாலை திருப்பூர் வழியாக வந்து நம் ஊரில்தான் முடிகிறது. ஊர் மாறுகிற வேகத்தைப் பார்த்தால் கதை எழுதுகிறவர்களே பின்தங்கிவிடுவார்கள் போலிருக்கிறது.

முன்கூட்டியே சொன்னவர்கள் என்றதும் வெளிநாட்டுப் பெயர்கள்தான் ஞாபகத்துக்கு வரும். நம் நாட்டிலேயே மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். வங்காளத்துப் பெண்மணி. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாமல், அண்ணனிடம் வீட்டிலேயே ஆங்கிலம் கற்றவர். அவருடைய 'சுல்தானாவின் கனவு' என்ற கதை 1905-ல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் பத்திரிகையில்தான் அச்சானது. அதில் பெண்கள் நிர்வாகம் செய்கிற ஒரு நாடு வருகிறது. ஆண்கள்தான் வீட்டுக்குள் இருப்பார்கள். சமையல் சூரிய வெப்பத்தில் நடக்கும், அடுப்புப் புகையே கிடையாது. வானத்திலிருந்து தண்ணீரை நேரடியாக இழுத்துக்கொள்வார்கள். போக்குவரத்து ஆகாய வண்டியில். இன்றைக்கு நம் மொட்டை மாடியில் சோலார் பேனல் இருக்கிறது. 120 வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் கனவாக எழுதியதன் ஒரு துண்டு அது.

இரண்டாமவர் பக்கத்து ஊர்க்காரர், ஈரோட்டுப் பெரியார். அவர் கதை எழுதவில்லை. ஆனால் 1940-களில் வந்த அவருடைய 'இனிவரும் உலகம்' என்ற சிறு நூலைப் படித்தால் அறிவியல் கதை படிக்கிற மாதிரியேதான் இருக்கும். கம்பியில்லாமல் பேசும் சாதனம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும், தூரத்தில் இருப்பவரோடு முகம் பார்த்துப் பேசலாம், கார் மின்சாரத்தில் ஓடும், சோதனைக் குழாய் மூலம் குழந்தை பிறக்கும் என்றெல்லாம் சொன்னார். அப்போது நம் பக்கத்துக் கிராமங்களில் மின்விளக்கே அபூர்வம். இன்றைக்கு நம் பார்க்கிங்கில் மின்சார ஸ்கூட்டர் நிற்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பேரனைத் தினமும் போனில் பார்த்துத்தான் தாத்தா பாட்டிகள் தூங்கப் போகிறார்கள்.

மூன்றாமவர் சுஜாதா. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' நம்மில் பலர் படித்தது. கதை நடக்கும் காலம் 2020-களின் தொடக்கம். அதாவது நாம் இப்போதுதான் தாண்டி வந்த வருடங்கள். பேசுகிற, புத்தகம் படிக்கிற ஜீனோ என்ற இயந்திர நாயை யாரும் மறந்திருக்க மாட்டோம். சோனி நிறுவனம் இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1999-ல்தான். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது ஜீனோ அல்ல. அந்தக் கதையில் குடிமக்களின் விவரமெல்லாம் அரசின் கணினியில் இருக்கும். குழந்தை பெற்றுக்கொள்ளவும் அனுமதி வேண்டும். பெயர்கூட இரண்டு எழுத்தில்தான் வைக்க வேண்டும். சுஜாதா பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த பொறியாளர். இயந்திரத்தை நேசித்தவர்தான் இயந்திரம் தவறான கையில் போனால் என்ன ஆகும் என்றும் எழுதினார்.

இவ்வளவு பலித்திருக்கிறது. பலிக்காததையும் பார்க்க வேண்டும் இல்லையா?

ரொக்கேயாவின் கதையில் பெண்கள் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்தில் அலுவலக வேலையை முடித்துவிடுவார்கள். முதுகொடிக்கும் வேலையையெல்லாம் இயந்திரம் எடுத்துக்கொள்ளும், மனிதனுக்கு ஓய்வு கிடைக்கும் என்று பெரியார் எதிர்பார்த்தார். கெய்ன்ஸ் என்ற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் 1930-ல் எழுதினார்: நூறு வருடத்தில், அதாவது 2030-க்குள், வாரத்துக்கு 15 மணி நேர வேலை போதும் என்று. 2030 இதோ வந்துவிட்டது. திருப்பூரில் ஒரு ஷிப்ட் என்றால் எட்டு மணி நேரம். ஆனால் "ஒன்றரை ஷிப்ட்" என்ற வார்த்தை தெரியாத வீடு நம் பகுதியில் உண்டா? கையால் வெட்டிய துணியை இப்போது கம்ப்யூட்டர் கட்டிங் மெஷின் வெட்டுகிறது. ஓவர்லாக் மெஷின் நூலைத் தானே அறுத்துக்கொள்கிறது. ஊசி வேகமாக ஓடுகிறது. கம்பெனி வேன் வந்து இறக்கிவிடும் நேரம் மட்டும் மாறவில்லை.

ஏன் அப்படி? கருவி வரும் என்று ஊகிப்பது ஓரளவு சுலபம். அது கொடுக்கும் பலன் யாருக்குப் போகும், அதன் தொந்தரவு யார் தலையில் விழும் என்று ஊகிப்பதுதான் கஷ்டம். அமெரிக்க எழுத்தாளர் ஃபிரெடரிக் போல் இதை வேறு மாதிரி சொன்னார். கார் வரும் என்று சொன்னால் போதாது, போக்குவரத்து நெரிசல் வரும் என்று சொல்வதுதான் நல்ல அறிவியல் கதை என்பது அவர் கருத்து. நமக்கு இதற்கு உதாரணம் தேட வெளியூர் போக வேண்டாம். திருப்பூர் பனியன் உலகம் முழுக்கப் போகும் என்று கனவு கண்டவர்கள் இருந்தார்கள், அது பலித்தது. நொய்யல் சாயத் தண்ணீராக ஓடும், ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமாகும், 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் என்பதை அந்தக் கனவில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. நான் ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஒருநாள் விரல் வைத்தால் வருகைப் பதிவாகும் மெஷின் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கார்டு எழுதுகிற வேலை மிச்சம். சுஜாதா கதைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இரண்டு வாரம் கழித்து, செக்கிங்கில் வேலை செய்த ஒரு அக்கா வந்து நின்றார். வாரச் சம்பளத்தில் இரண்டு நாள் குறைகிறது. மெஷினைப் பார்த்தேன், இரண்டு நாளும் 'ஆப்சென்ட்'. "மெஷின் பொய் சொல்லாதுங்க அக்கா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வருடக்கணக்காகத் துணியைத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை மழுங்கிப் போயிருந்தது. அந்த இரண்டு நாளும் காலையில் அவர் வந்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். இருந்தும் என் கண்ணைவிட மெஷினை நம்பினேன். இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்தச் சம்பளத்தைப் பிறகு வாங்கிக் கொடுத்தோம். மெஷினைக் கழற்றி எறியவில்லை. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தோம். விரல் பதியாதவர்கள் அதில் கையெழுத்துப் போட்டால் நான் சரிபார்த்து ஏற்றுவேன். அவ்வளவுதான் தீர்வு. நாற்பது ரூபாய் நோட்டு.

இப்போது நம் கேட்டுக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி அல்ல. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் மழையில் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்றால் நல்லதுதான். ஆனால் வாக்களிக்கும் முன் நான்கு கேள்விக்குப் பதில் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, நம் முகங்களும் நாம் வந்துபோகும் நேரமும் யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், வீட்டைக் காலி செய்துபோனால் அழிப்பார்களா? இரண்டு, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பால்காரர், பேப்பர் போடும் தம்பி இவர்கள் முகத்தை மெஷின் அடையாளம் காணாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும்? மூன்று, கரண்ட் போனால், உள்ளே ஆம்புலன்ஸ் வர வேண்டியிருந்தால் யார் திறப்பது? நான்கு, நம் வாட்ச்மேன் அண்ணனுக்கு என்ன ஏற்பாடு? பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவருக்கு இந்த மெஷின் வந்தால் நேரம் குறையுமா, அல்லது வேலையே போய்விடுமா?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். எட்டு மணி நேர வேலை என்பது எந்த மெஷினும் கொண்டுவந்தது இல்லை. கேட்டுப் போராடி வாங்கியது. 1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தினார், இந்தியாவில் அதுதான் முதல் மே தினம். ஒருநாள் வேலைக்கு வரம்பு வைக்கும் தொழிற்சாலைச் சட்டம் 1948-ல் வந்தது. ரொக்கேயா சொன்ன சோலார் தானாக வந்துவிட்டது. அவர் சொன்ன இரண்டு மணி நேரம் தானாக வராது. அதை மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் கொண்டுவர வேண்டும்.

வாட்ச்மேன் அண்ணனுக்கு எட்டு மணி நேர வேலை, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு நோட்டு. இந்த மூன்றையும் தீர்மானத்தில் சேர்த்தால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன்.

போண்டா ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.