சுவரில்லா அறைகள்



உயிரணுவுக்குள் தனித்தனி அறைகள் உண்டென்றும், அவற்றைச் சவ்வுகள் சூழ்ந்துள்ளன என்றும் நாம் பள்ளியில் பயின்றோம். ஆயின், உட்கருவினுள் இருக்கும் உட்கருமணிக்குச் சவ்வே இல்லை. 1830களிலேயே அறிஞர்கள் கண்ட அது கலைந்துபோகாமல் நிற்பது எங்ஙனம்?

2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்களான கிளிஃபோர்ட் பிராங்வின், அந்தோணி ஹைமன் முதலியோர் ஒரு மில்லிமீட்டர் நீளமே வளரும் புழுவொன்றின் கருவை ஆராய்ந்தனர். அதிலுள்ள 'பி' துகள்கள் ஒன்றையொன்று தொட்டதும் இணைந்தன. உட்கருவின்மேல் வழிந்து சொட்டின. அவை நீர்மத் துளிகள் என்பது தெளிவாயிற்று. தவளை முட்டையின் உட்கருமணியும் அத்தகையதே என்று 2011இல் காட்டினர்.

குழம்பின்மேல் எண்ணெய் தானே திரண்டு ஒதுங்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவ்வாறே சில புரதங்களும் ஆர்.என்.ஏ.யும் செறிவு மிகும்போது ஒன்றையொன்று பற்றித் துளியாகின்றன. மூலக்கூறுகள் அதனுள் புகலாம், வெளியேறலாம். சூழல் மாறின் துளியே கரையலாம்.

இந்நெகிழ்ச்சி கெடின் தீங்கு விளையக்கூடும். எஃப்.யூ.எஸ். என்னும் புரதத்தின் துளிகள் நாளடைவில் இறுகி நார்களாவதை 2015இல் ஆய்வுக்கூடத்தில் கண்டனர். தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்குரிய மரபு மாற்றம் பெற்ற புரதமோ இன்னும் விரைவாக இறுகியது. இறுகாமல் காக்கும் மருந்தை இன்று தேடி வருகின்றனர்.

கண்ணால் கண்ட உட்கருமணியின் தன்மையை அறிய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஆதலின் இளைஞர்களே, பாடநூலைக் கற்போம். அது சொல்லாது விட்டதையும் அஞ்சாது கேட்போம்.