யார் சொன்னது, எப்போது சொன்னது, எழுத்து எங்கே?

(யாழ்ப்பாணத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மலையகத்திலிருந்து வந்த எங்களைப் பேச அழைத்ததற்கு நன்றி. வதந்தியைப் பற்றிப் பேச வந்த நாங்கள், முதலில் எங்கள் சம்பளக் கதையையே சொல்கிறோம்.

2024 மே தினத்தில் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார்கள். வர்த்தமானியில் இருந்தது அடிப்படைச் சம்பளம் 1,350, விசேட கொடுப்பனவு 350. கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் வந்த புதிய வர்த்தமானியில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350. ஆனால் "1,700 கிடைத்துவிட்டது" என்ற பழைய செய்தி கைபேசிகளில் சுற்றிக்கொண்டே இருந்தது. அது முழுப் பொய் அல்ல. காலம் கடந்த செய்தி. அப்படிப்பட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

சம்பளத்தில் ஏமாந்தால் காசு போகும். வேறு சிலவற்றில் உயிரே போகும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கதை கிளம்பியது. பள்ளிவாசலையும் கடைகளையும் அடித்து உடைத்தார்கள். அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். மார்ச்சில் கண்டியில் கலவரம் வெடித்தபோது அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் தடுத்தது. தடை சில நாளில் நீங்கியது. ஒரு செய்தியை எப்படிச் சோதிப்பது என்று அது எவருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை.

சோதித்துப் பார்க்கும் இடத்தின் அருமை இந்த ஊருக்குத் தெரியும். 1981இல் உங்கள் நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டன. எழுத்து எரிந்தால் மிஞ்சுவது காதில் விழுந்தது மட்டுமே.

ஆகவே எங்கள் யோசனை இது. தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் "இது பொய், நம்பாதீர்கள்" என்று தலைவர் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. கைபேசிச் செய்தி, வர்த்தமானி, சம்பளச் சீட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். யார் சொன்னது? எப்போது சொன்னது? எழுத்து எங்கே? இந்த மூன்று கேள்வியையும் தொழிலாளர்களே கேட்கட்டும். வாசிக்கத் தெரியாத அம்மா, பிள்ளையை வாசிக்கச் சொல்லட்டும். முடிவை அவரே எடுக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இதே மூன்று கேள்வியைச் சங்கத்திடமும் கேளுங்கள். எங்கள் துண்டுப் பிரசுரத்தில் திகதி இல்லையென்றால், எழுந்து நின்று கேளுங்கள். அதற்குக் கோபப்படுகிற தலைவர் நமக்கு வேண்டாம்.